மாமா நம்பருக்குப் போன ஓடிபி

அத்தைக்கு பைபாஸ் செய்யணும்னு டாக்டர் சொன்னப்போ பணத்தைப் பத்தி நாங்க கவலைப்படல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கே! அத்தை மகன் குவைத்தில். அதனால அலையிற வேலை அண்ணன் மகனான என் தலையில விழுந்துச்சு.

வருமானச் சான்றிதழ் சுலபம். இ-சேவையில 60 ரூபாய் கட்டி, விஏஓவைப் பார்த்து, வாங்கியாச்சு. வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும், அத்தைக்கு அதுல பாதிகூட இல்ல.

சிக்கினது ரேஷன் கார்டுல. மாமா தவறினப்புறமும் குடும்பத் தலைவர் இடத்துல அவர் பேர்தான். கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டு அட்டை போடுற பொண்ணு, "பேரை நீக்கிட்டு அத்தையைத் தலைவியா மாத்திட்டு வாங்கண்ணா"ன்னு சொல்லிடுச்சு. சரி, ஆன்லைன்ல மாத்திடலாம்னு உட்கார்ந்தா, ஓடிபி மாமா நம்பருக்குப் போகுது. ரீசார்ஜ் பண்ணாம அந்த சிம் எப்பவோ செத்துப்போச்சு.

வட்ட வழங்கல் அலுவலகத்துல நடந்த பேச்சை அப்படியே எழுதறேன்.

"நம்பர் மாத்த கார்டுதாரர் நேர்ல வரணும்."

"கார்டுதாரர்தான் சார் இறந்துட்டார்."

"அப்ப கார்டுல பேர் இருக்கிறவங்க வரணும்."

"அவங்க நெஞ்சுவலியோட ஆஸ்பத்திரியில இருக்காங்க. கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்காங்க."

"நீங்க யாரு?"

"மருமகன்."

"கார்டுல உங்க பேர் இல்லையே!"

கடிதத்தைக் கையில கூட வாங்கல. சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்கன்னார், போனா ஆளில்ல. மறுபடி போனப்போ நான் குரலை உயர்த்தல. "சரி சார், திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர்கிட்ட மனு கொடுத்துக்கறேன், இன்னைக்கு என்ன காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினீங்கன்னு மட்டும் எழுதிக் கொடுங்க"ன்னேன். அவ்வளவுதான். உள்ளே இருந்த அதிகாரி அம்மா கூப்பிட்டாங்க. இறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரி அட்மிஷன் சீட்டு, கடிதம் மூணையும் பார்த்தாங்க, டீ ஆறுறதுக்குள்ள நம்பர் மாறிடுச்சு. எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்க, ஐயா. வாயால சொல்ற "முடியாது" காகிதத்துக்கு வர்றதே இல்ல.

பேர் நீக்கம், தலைவி மாற்றம், காப்பீட்டு எண் எல்லாம் அதுக்கப்புறம் வரிசையா முடிஞ்சுது. மத்தவங்களுக்காக அலையிறவங்க ஒண்ணு செய்யுங்க: ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. எந்த நம்பர் பதிவாகியிருக்குன்னும் பாருங்க.

ஆஸ்பத்திரியில காப்பீட்டு ஒப்புதல் வந்த பிறகு இன்னொரு கூத்து. பில்லிங்ல ஒருத்தர் வந்து, "டெஸ்டுக்கெல்லாம் தனியா ஒரு அட்வான்ஸ் கட்டிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கறார். ஆபரேஷனுக்கான பரிசோதனையும் மருந்தும் திட்டம் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிற பேக்கேஜ் தொகைக்குள்ளயே வருது, கட்டணமில்லாச் சிகிச்சைன்னா அதுதான். "ரசீது தருவீங்களா? அதை வச்சு காப்பீட்டுத் திட்டத்தோட உதவி எண் 1800 425 3993-க்குப் பேசிக்கறேன்"னு கேட்டேன். விசாரிச்சிட்டு வர்றேன்னு போனவர் வரவே இல்ல. அத்தை டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் அந்த அட்வான்ஸைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல.

இப்ப அத்தை மகன் குவைத்துல இருந்து, தன் மாமனாருக்கும் ஒரு அட்டை போட்டுத் தர முடியுமான்னு கேக்கறான். முதல்ல அவர் ரேஷன் கார்டுல யார் நம்பர் இருக்குன்னு பார்த்துச் சொல்லுன்னு சொல்லியிருக்கேன்.