ஒரு பக்கம் மட்டும் அச்சான வெள்ளிக் காசு

இடைக்காலப் போலந்தின் நாணயங்களில் என்னை மிகவும் ஈர்ப்பவை பிராக்டியேட்டுகள். காகிதம் போல் மெலிந்த வெள்ளித் தகட்டை மெத்தென்ற பரப்பின்மேல் வைத்து ஒரே அச்சால் அடிப்பார்கள். அதனால் முன்புறம் புடைத்திருக்கும் உருவம் பின்புறத்தில் குழிவாகத் தெரியும். பெரும்பாலானவற்றின் எடை கால் கிராமைக்கூட எட்டாது.

1138-இல் போலந்தை ஆண்ட மூன்றாம் போலெஸ்வாவ் இறந்தபின் நாடு அவர் மகன்களுக்குள் பங்கிடப்பட்டது. கோமகன்கள் அவரவர் பகுதியில் காசு அடித்தனர். ஆனால் பிராக்டியேட்டு போலெஸ்வாவ் காலத்திலேயே தொடங்கிவிட்டது. புனித அடால்பெர்ட்டின் முன் அவர் மண்டியிடும் காசை, அண்ணன் ஸ்பிக்னியெவின் கண்களைப் பறித்ததற்கான கழுவாயோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பார்ப்பதுண்டு.

காசு மெலிந்ததற்கு வெள்ளிப் பற்றாக்குறையைவிட வரி ஆசையே பெரிய காரணம் என்பது என் எண்ணம். பழைய காசு செல்லாது என்று அறிவித்து, குறைந்த எண்ணிக்கையில் புதிய காசைக் கொடுத்தால், இடைப்பட்ட வெள்ளி ஆள்பவருக்குச் சேரும். அண்டையிலிருந்த ஜெர்மானிய நகரமான மாக்டெபுர்க்கில் பன்னிரண்டு பழங்காசுக்கு ஒன்பது புதுக்காசு என்பது கணக்கு. அதாவது கால் பங்கு வரி. அடிக்கடி மாறப்போகும் காசுக்கு உறுதி எதற்கு? ஒரே அச்சும் மெல்லிய தகடும் போதும்.

போலந்தின் மேற்குப் பகுதியான பெரும் போலந்தின் கோமகன் மூன்றாம் மியெஷ்கோ இதில் கைதேர்ந்தவர். 1173-இல் கிராக்கோவ் அரியணையில் அமர்ந்து மற்றக் கோமகன்களுக்கெல்லாம் தலைமையான மூத்த கோமகனான அவரை, அவருடைய அதிகாரிகளின் கெடுபிடிகளைப் பொறுக்காத பிரபுக்கள் 1177-இல் விரட்டிவிட்டுத் தம்பி காசிமியெஷை அமர்த்தினர்.

மியெஷ்கோவின் காசாலையை யூதர்கள் நடத்தியதால், அவருடைய சில காசுகளில் எபிரேய எழுத்துகள் உள்ளன. ஒன்றில் "மியெஷ்கோ, போலந்தின் அரசர்" என்ற போலிய மொழிச் சொற்களே எபிரேய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் முடிசூடிய அரசர் அல்லர் என்பதை நினைத்தால், இது யாருடைய துணிச்சல் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் அவரைச் சுற்றி அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலேசியாவில் கனத்த இருபக்கக் காசுகள் வந்தன. 1300 முதல் பொஹீமியாவின் சுரங்க நகரமான குட்னா ஹோராவின் வெள்ளியில் அடித்த பிராகா குரோஷென் என்ற காசு பரவியது. அது 3.5 கிராமுக்கும் மேல் எடை கொண்டிருந்ததால், தொலைதூர வணிகர்கள் மெல்லிய தகடுகளைத் தேடவில்லை.