ஒட்டிக்கொண்ட மணிகள்

கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், புதுச்சேரியில் ஒரு ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டன்டாக இருந்தேன். என்ன வேலை என்று அம்மா கேட்டபோது, "வெளிச்சத்தால தூசியைத் தள்ளுறோம்மா" என்றேன். "அதுக்கு வெளக்கமாறு போதாதா?"

தூசி என்றது பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த மணிகளை. ஒவ்வொன்றும் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விரல்நகம் அளவு சிப்பின் மேல் சிலிக்கான் நைட்ரைடில் இழுத்த மெல்லிய கோடுதான் அலைநடத்தி, ஒளி ஓடும் பாதை. லேசர் ஒளி அந்தக் கோட்டுக்குள்ளேயே ஓடும் என்றாலும் முழுக்க அடங்குவதில்லை. மேலே இருக்கும் தண்ணீருக்குள் நூறு, இருநூறு நானோமீட்டர் கசிந்து நிற்கும். அதற்கு மேல் போகப் போக மங்கிவிடும். பக்கத்தில் வரும் மணியை அந்தக் கசிவு கோட்டின் மேல் இழுத்து உட்காரவைத்து, ஒளி போகிற திசையிலேயே தள்ளிக்கொண்டும் போகும். லேசரால் இப்படி மணிகளைத் தள்ளலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் ஆஷ்கின் காட்டியது 1970இல். நோபல் பரிசு வந்தது 2018இல், அவருடைய 96ஆம் வயதில். அலைநடத்தியின் மேல் மணிகளை ஓட்டியது 1990களில், ஜப்பானில் கவாட்டாவின் குழு.

என் காலைப்பொழுது முழுக்க, லேசர் ஒளியைக் கொண்டுவரும் ஃபைபர் இழையின் முனையைக் கோட்டின் வாய்க்கு நேராக வைப்பதிலேயே போய்விடும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் கோடு மினுங்கினால்தான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஏசி ஓடினால் அந்த முனை ஒரு பக்கம் நகரும், நிறுத்தினால் மறுபக்கம்.

ஒருநாள் கோடு நன்றாக மினுங்கியது. மணிகளும் வந்து உட்கார்ந்தன. ஆனால் ஒன்றுகூட நகரவில்லை. பவரை ஏற்றினேன், அசையவில்லை. லேசரையே அணைத்தேன், அப்போதும் விலகவில்லை. ஒளி பிடித்திருந்தால் அணைத்ததும் மணி தண்ணீரில் அலைபாய்ந்து போயிருக்க வேண்டும். இது சிப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று சிப் வீணானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்தில் மாமாவோடு கெடிலம் முகத்துவாரத்தில் நின்றிருந்தேன். படகு தரை தட்டுகிறது என்று அலுத்துக்கொண்டார். "ஆத்துத் தண்ணியில மிதந்து வர்ற சேறு, உப்புத் தண்ணி பட்டா அப்படியே கீழ உக்காந்துரும் மாப்ள."

திங்கள் காலை முதல் வேலையாக, மணிகளைக் கலக்க எடுத்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். ஈரக்காற்றில் லேபிள் கரைந்துபோயிருந்தது. வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) என்று நினைத்து மணிகளைக் கலந்தது, உயிர்செல்களுக்காக வைத்திருந்த உப்புக் கரைசலில். மணிக்கும் சிப்பின் பரப்புக்கும் ஒரே வகை மின்னூட்டம், இரண்டும் நெகட்டிவ்தான். சுத்தமான தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கும். உப்பு கலந்தால் அந்த விலக்கம் ஓரிரு நானோமீட்டருக்குள் மறைந்துபோகும். ஒளி அழுத்திப் பிடித்தால் ஒட்டாமல் என்ன செய்யும்? முகத்துவாரத்துச் சேற்றின் கதையும் ஏறக்குறைய இதேதான். தப்பு என்னுடையது, ஈரக்காற்றின் மேல் பழிபோட்டுப் பயனில்லை. பெர்மனென்ட் மார்க்கரால் தமிழில் 'உப்பு' என்று பெரிதாக எழுதி வைத்தேன். சீனியர் அக்கா ஒரு வாரம் சிரித்தார்.

வடிநீரில் கலந்தபோது முதல் மணி மிதந்து வந்தது, கோட்டின் மேல் ஏறியது, கொஞ்சம் தயங்கிவிட்டு நகர்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. அன்று மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை.

மறுநாள் சார் எட்டிப் பார்த்தார். "அடுத்து சிவப்பணு ஓட்டிப் பாருப்பா" என்றார். அவை வெறும் தண்ணீரில் ஊதி வெடித்துவிடும். மறுபடியும் அந்த 'உப்பு' பாட்டிலையே எடுத்தேன். இந்த முறை, ஒட்டாமல் இருக்க முதலில் சிப்புக்கு ஆல்புமின் என்ற புரதத்தைப் பூசிவிட்டு.