முதல் நாள் எடையே தூக்கவில்லை

போன வருஷம் ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 வந்தது. சர்க்கரைக்கு முந்தின கட்டம், நடந்தால் மட்டும் போதாது, தசைக்கும் வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். எனக்கு வயது 47, எடை 68 கிலோ, படி இறங்கினால் இடது முட்டி வலிக்கும்.

முதலில் சேர்ந்த ஜிம்மில் பெயரை எழுதிய கையோடு டிரெட்மில், அடுத்து காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ். முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வீங்கிவிட்டது. மொத்தமாகக் கட்டிய மூன்று மாதப் பணம் திரும்பவில்லை.

பிறகு ஒரு பெண்ணிடம் தனிப்பயிற்சிக்குச் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள். முதல் நாள் முக்கால் மணி நேரம் கேள்விதான். என்ன மாத்திரை, பிரஷர் எவ்வளவு, எத்தனை மணிக்குப் படுப்பீங்க, முட்டி ஏறும்போது வலிக்குதா இறங்கும்போதா. டாக்டரிடம் முட்டியைக் காட்டிவிட்டு வரச் சொன்னாள். அடுத்த வகுப்பில், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிவிட்டு எதிரே குத்தவைத்துப் பார்த்தாள். "எந்திரிக்கும்போது முட்டி உள்ளே சாயுதுங்க அக்கா." இத்தனை வருஷத்தில் இதை யாரும் கவனித்துச் சொன்னதில்லை.

குனிவதற்கு ஒரு மாப் கம்பு. பின்னந்தலை, முதுகின் மேல்பகுதி, வால் எலும்பு மூன்றிலும் கம்பு ஒட்டியிருக்க, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். பாதிக் குனிவிலேயே எனக்குத் தலைப்பக்கம் கம்பு விட்டுப்போகும். "மறுபடியுங்க அக்கா" என்பாள். இரண்டு வாரம் இதேதான். மூன்றாம் வாரம்தான் டெட்லிஃப்ட்டுக்கு, அதாவது இப்படிக் குனிந்து எடையோடு நிமிர்வதற்கு, எடையைக் கையில் கொடுத்தாள்.

உடம்பு வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் அதிகம். தொடை கனத்தால் பரவாயில்லை, மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் உடனே நிறுத்தணும் என்று முதலிலேயே சொல்லிவைத்தாள். அந்த வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு மாதமானது.

சாப்பாட்டில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, பவுடரும் விற்கவில்லை. மூன்று நாள் தின்றதை எழுதி வரச் சொன்னாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், எனக்கு 56 கிராம் வேண்டும். இட்லி, ரசம் சாதம், ஒரு கரண்டி பொரியல் எல்லாம் சேர்த்து 40கூடத் தேறவில்லை. காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் சுண்டல் சேர்த்துக்கொண்டேன்.

முதல் மாதம் எடை மெஷின் அசையவே இல்லை, நான் அழாத குறை. ஆனால் அவள் நோட்டில் ஸ்குவாட், அதாவது எடையோடு உட்கார்ந்து எழுவது, 4 கிலோவிலிருந்து 8 ஆகியிருந்தது. ஆரம்பத்தில் பலம் ஏறுவது தசை பெருத்து அல்ல, இருக்கிற தசையை வேலை வாங்க நரம்பு பழகுவதால் என்று விளக்கினாள். அதன்பிறகு எடை மெஷினை விட்டுவிட்டு நோட்டைத்தான் பார்க்கிறேன்.

சேரப் போகிறவர்கள் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். பயிற்சி நடக்கும்போது சொல்லிக்கொடுப்பவர் கண் உங்கள் மேல் இருக்கிறதா, போனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எச்பிஏ1சி கிட்டத்தட்ட மூன்று மாத சராசரி என்பதால் அதுவரை பொறுத்துத்தான் ரத்தம் கொடுத்தேன். 5.8. 5.7க்குக் கீழே போக வேண்டும். ஸ்குவாட் இப்போது 12 கிலோ, படி இறங்கும்போது கைப்பிடி தேவைப்படுவதில்லை. அடுத்த பரிசோதனை தை மாதம்.