பத்தமடை வயலில் எங்கள் பங்கு

நவம்பர் 30, 2024, சனி

பத்தமடைப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் வைக்கிற அண்ணாச்சியிடம் இன்று பணம் கட்டிவிட்டேன். பன்னிரண்டு வாரத்துக்கு 3,600 ரூபாய், மொத்தமும் முன்பணம். சனிக்கிழமைதோறும் ஒரு பை காய், பாளையங்கோட்டைக்கே கொண்டுவந்து தருவார். என்ன காய் என்று நாம் கேட்கக் கூடாது, வயல் கொடுப்பதுதான்.

"மழை அடிச்சா பை சின்னதாப் போயிரும் தங்கச்சி. விளைஞ்சா நெறைய வரும். சம்மதம்னா கட்டுங்க" என்று நேராகவே சொன்னார். அந்தப் பேச்சு பிடித்துத்தான் கட்டினேன். விதைக்கும் கூலிக்கும் ஐப்பசி, கார்த்திகையிலேயே காசு போய்விடுகிறது. திரும்பக் கைக்கு வருவது தையில். நடுவில் அவர் வட்டிக்கு வாங்காமல் இருக்க எங்களைப் போலப் பதினெட்டு வீட்டுப் பணம் உதவும்.

டிசம்பர் 7, சனி

முதல் பை. கத்தரிக்காய், சீனி அவரைக்காய் (கொத்தவரை), வெண்டை, ஒரு கட்டு தண்டங்கீரை, பாதி தடியங்காய் (வெண்பூசணி). கத்தரியில் இரண்டு சொத்தை. மருந்து அடிக்காத காய் அப்படித்தான் இருக்கும், நறுக்கி எறிந்துவிட்டுப் புளிக்குழம்பு வைத்தேன். தடியங்காய் மோர்க்குழம்புக்கு ஆயிற்று.

டிசம்பர் 14, சனி

நேற்றுத் திருக்கார்த்திகை. வாசலில் ஒரு விளக்கு நிற்கவில்லை, அப்படி மழை. ஆற்றில் வெள்ளம். போன வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்தப் பயம் இன்னும் யாருக்கும் தெளியவில்லை. ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டுதான் இருந்தோம்.

காலையில் அண்ணாச்சி போன் செய்தார். கீரைப்பாத்தி முழுக்கத் தண்ணீருக்குள். சிறுகிழங்குப் பாரில் நிற்கிற தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருக்கிறாராம். நின்றால் கிழங்கு அழுகிவிடும். இந்த வாரம் பை வராது என்றுதான் நினைத்தேன். மத்தியானம் தாண்டி வந்தார். முழங்கால் வரை சேறு. பையில் வாழைத்தண்டு, ஒரு வாழைப்பூ, முருங்கைக்கீரை, அவ்வளவுதான். "நாப்பது வாழை சாஞ்சிட்டு தங்கச்சி" என்றார், தலையைத் துடைத்தபடியே.

பங்குனி வரை நின்று குலை தள்ளியிருக்க வேண்டிய வாழையின் தண்டு அது. அதைப் பார்த்து "300 ரூபாய்க்கு இவ்வளவுதானா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. நமக்கு ஒரு வாரக் காய் குறைந்தது. அவருக்கு ஒரு வருஷ வாழை போயிற்று. சம்மதம் என்றுதானே எல்லோரும் பணம் கட்டினோம்?

டிசம்பர் 28, சனி

மார்கழிப் பனியில் அவரைக்காய் காய்க்கத் தொடங்கிவிட்டது. முருங்கைக்காய், கத்தரி, கொஞ்சம் சின்ன உள்ளி. எல்லாம் சேர்த்துக் கூட்டாஞ்சோறு.

ஜனவரி 11, 2025, சனி

சிறுகிழங்கு வந்துவிட்டது! இரண்டு கிலோ. செவ்வாய்க்கிழமை பொங்கல். சிறுகிழங்கு இல்லாமல் நெல்லைச் சீமையில் பொங்கல் ஏது? தாழ்வான பார்களில் பாதி அழுகிவிட்டதாம், மேட்டில் வைத்தது தப்பித்தது. பொங்கல் நேரத்தில் சிறுகிழங்குக்குச் சந்தையில் என்ன விலை கேட்டாலும் கிடைக்கும். அவர் முதலில் பதினெட்டுப் பையையும் நிறைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சந்தைக்கு அனுப்பியிருக்கிறார். அண்ணாச்சி வீட்டு மைனிதான் இதைச் சொன்னார்கள், அவர் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்கில் கட்டித் தரையில் தட்டித் தட்டி உருட்டினேன். தோல் முக்கால்வாசி கழன்றுவிட்டது. மீதியைக் கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. ஈர மண்ணின் வாசம் அடுக்களை முழுக்க. அரைமணி நேரத்தில் விரலெல்லாம் கறுத்துப்போயிற்று. புளி தேய்த்தும் போகவில்லை. பொங்கலன்று கோலம் போடும்போதும் கறை இருக்கும், இருக்கட்டும்.