கரண்டும் டீசலும் கேட்காத பம்ப்

குழாயில் வேகமாக ஓடிவரும் தண்ணீரைப் படக்கென்று அடைத்தால் குழாயே 'டம்' என்று அதிரும். அந்தச் சத்தத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீரை இரும்புக் குழாயில் சட்டென நிறுத்தினால், கணக்குப்படி 100 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்கும் கூடுதலான அழுத்தம் எழும். பிளம்பர்கள் தொல்லையாகப் பார்க்கும் இந்த அடியை வைத்தே ஓடை நீரை மேட்டுக்கு ஏற்றுவதுதான் ராம் பம்ப்.

1772இல் இங்கிலாந்தின் ஜான் வைட்ஹர்ஸ்ட் செய்ததில் ஒவ்வொரு அடிக்கும் ஆள் நின்று அடைப்பானைத் திறந்து மூட வேண்டியிருந்தது. 1796இல் பிரான்சின் ஜோசப் மொங்கோல்ஃபியே அதைத் தானாக இயங்க வைத்தார். வெப்பக்காற்று பலூன் செய்த சகோதரர்களில் ஒருவர். பலூனைவிட இந்தப் பம்பைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன்.

உள்ளே அசையும் உறுப்புகள் இரண்டே: கழிவு வால்வு, ஏற்று வால்வு. மேலிருந்து சரிவாக வரும் நீர் முதலில் திறந்திருக்கும் கழிவு வால்வு வழியே வெளியே கொட்டும். வேகம் ஏற ஏற நீரே அந்த வால்வை இழுத்து மூடிவிடும். போக வழியில்லாத நீர் ஏற்று வால்வைத் தள்ளித் திறந்து காற்றுக் குடுவைக்குள் பாயும். அங்கே அமுங்கும் காற்று மெத்தைபோல் அடியைத் தாங்கி, நீரை ஏற்றுக் குழாய் வழியே மேலே தள்ளும். அடுத்த கணம் நீர் சற்றே பின்வாங்கும். ஏற்று வால்வு மூடும், கழிவு வால்வு தன் எடையால் விழுந்து திறக்கும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை, இரவும் பகலும் இதே கதிதான்.

மேலே ஏறுவது வரும் நீரில் சிறு பங்குதான். 2 மீட்டர் வீழ்ச்சி, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரத்து, 20 மீட்டர் ஏற்றம், 60 சதவீதத் திறன் என்று வைத்தால் நிமிடத்துக்கு 3.6 லிட்டர் ஏறும். குறைவாகத் தோன்றும், ஆனால் ஒரு நாளில் 5,000 லிட்டரைத் தாண்டிவிடும். மீதி ஓடைக்கே திரும்பிவிடுகிறது.

எல்லாம் ஓடையிலிருந்து பம்புக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் குழாயில்தான் இருக்கிறது. இந்த அளவுக்கு 50 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 12 மீட்டர் நீளம், வளைவில்லாமல். பிளாஸ்டிக் போட்டால் குழாய் விரிந்து சுருங்கி அடியின் வலுவை விழுங்கிவிடும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கி மெத்தைபோல் அடியைத் தாங்கிக்கொள்ளும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே 30 செ.மீ. மூழ்கியிருக்கட்டும், இல்லாவிட்டால் சுழல் விழுந்து காற்றை உள்ளே இழுக்கும். ஏற்றுக் குழாய் பிளாஸ்டிக்காக இருக்கலாம், 25 மி.மீ. போதும்.

முதல்முறை திறந்ததும் பம்ப் ஒரு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். பழுதென்று கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ஏற்றுக் குழாய் காலியாக இருப்பதால் எதிரழுத்தம் இல்லை. நீர் பின்வாங்காமல் கழிவு வால்வு மூடியே கிடக்கிறது. அதைக் கையால் 20, 30 முறை அழுத்திவிட்டால் குழாயில் நீர் ஏறி, பம்ப் தானே ஓடத் தொடங்கும். கழிவு வால்வில் எடை கூட்டினால் அடி மெதுவாகும், ஒவ்வொரு அடியிலும் வலு கூடும், நீரும் அதிகம் செலவாகும். ஓடையில் வரத்து குறையும் காலத்தில் எடையைக் குறையுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த பம்பின் 'டக் டக்' திடீரென்று சம்மட்டி அடிபோல் கடினமாக மாறினால் உடனே நிறுத்த வேண்டும். குடுவையில் இருந்த காற்று கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட விட்டால் பம்பின் உடல் விரிசல் விடும். இதற்காகவே ஏற்று வால்வுக்குச் சற்றுக் கீழே 1 மி.மீ. துளை போடுவார்கள். ஒவ்வொரு அடிக்கும் அதிலிருந்து ஊசிபோல் நீர் பீச்சும். நீர் பின்வாங்கும்போது துளிக் காற்று உள்ளே போகும். பாசி அந்தத் துளையை அடைத்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். பெரிதாக்கிவிடாதீர்கள், ஏறவேண்டிய நீர் அதன் வழியே போய்விடும்.