↻ சுழல் அம்பை எழுத்தில் போடும்போது

↻ படமல்ல, எழுத்து. அ, க போலவே அதற்கும் யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரத்தில், ஓர் எண் உண்டு: 8635. இடஞ்சுழியாகப் போகும் ↺ குறிக்கு 8634. இரண்டும் 1993இல் வந்த யூனிகோட் 1.1 பதிப்பிலேயே இருப்பவை. ஆனால் இவற்றுக்குக் கிட்டத்தட்ட அதே ஜாடையில் வேறு சிலவும் பின்னால் சேர்ந்தன: 2002இல் ⟳ (10227), 2010இல் 🔄 (128260), 2014இல் ⭮ (11118). கண்ணுக்கு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கோ ஒவ்வொன்றும் தனி எழுத்து. ஒரு பக்கத்தில் ↻, இன்னொரு பக்கத்தில் ⟳ என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டால், பிறகு ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாது. ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்கித் தராது. ↻, ↺ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். பழைய குறிகள் என்பதால் கூடுதலான எழுத்துருக்களில் இருப்பவை இவைதான்.

திசையை ஏனோதானோ என்று தேர்ந்தெடுக்கக் கூடாது. வலஞ்சுழி ↻ பக்கத்தைப் புதுப்பிக்கவும், ரத்துசெய்த செயலை மீண்டும் செய்யவும் பழகிப்போன குறி. இடஞ்சுழி ↺ பின்னோக்கிப் போவதற்கு: பழைய நிலைக்கு மீட்க, முதலிலிருந்து தொடங்க. படத்தைச் சுழற்றும் பொத்தானிலும் இவையே வருவதால், குறி மட்டும் தனியாக நின்றால் எதைச் சொல்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு சொல் வேண்டும்: "↻ புதுப்பி", "↺ மீட்டமை". நடுவில் சாதாரண இடைவெளி விட்டால் வரி முடிவில் அம்பு ஒரு வரியிலும் சொல் அடுத்த வரியிலுமாகப் பிரிந்துவிடும். வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில் இடைவெளிக்குப் பதில்   போட்டால் பிரியாது.

தட்டச்சு செய்ய: மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆல்ட் விசையைப் பிடித்தபடி எண் பலகையில் 8635 அடித்துவிட்டு விடுங்கள். இதையே மற்ற பல விண்டோஸ் செயலிகளில் செய்தால் ╗ வந்து நிற்கும். அவை எண்ணை 256ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. மீதி 187, பழைய குறிமுறையில் அந்த இடத்தில் இருப்பது இந்தப் பெட்டிக்கோடு. அங்கெல்லாம் நகலெடுத்து ஒட்டுவதே சுலபம். கைப்பேசியில் விசைப்பலகை அமைப்புகளில் உள்ள சொந்த அகராதியில் ↻ குறியைச் சேர்த்து, "சுசு" போல எந்தச் சொல்லாகவும் அமையாத ஒரு குறுக்குவழியைக் கொடுத்துவிடுங்கள். வலைப்பக்கத்தில் ↻ என்று எழுதலாம்; கோப்பு யூடிஎஃப்-8 (யூனிகோட் எண்களைப் பைட்களாகச் சேமிக்கும் முறை) ஆக இருந்தால் குறியையே நேராக இடலாம். யூடிஎஃப்-8இல் அது 226, 134, 187 என்று மூன்று பைட். † » கலந்த குப்பை திரையில் தெரிந்தால், அந்த மூன்றையும் யாரோ தனித்தனி எழுத்தாகப் படிக்கிறார்கள் என்று பொருள். பக்கத்தின் குறிமுறை அறிவிப்பைச் சரிசெய்தால் போதும்; குறியைத் திரும்ப இட வேண்டியதில்லை.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது எழுத்துரு. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இந்த அம்பு கிடையாது. உலாவி அதை வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும்: விண்டோஸில் செகோ யுஐ சிம்பல், லினக்ஸில் தேஜாவு சான்ஸ் போன்றவை. எங்கும் கிடைக்காவிட்டால் வெற்றுக் கட்டம்தான். கிடைத்தாலும், கடன் வந்த எழுத்துருவின் உயரம் வேறாக இருந்தால் அந்த வரி மட்டும் சற்று விலகி நிற்கும். வரி உயரத்தைத் தானியங்கியாக விடாமல் 1.6 போல ஓர் எண்ணாகக் கொடுத்தால் இது நின்றுவிடும்.

🔄 ஈமோஜியைப் பொத்தான்களில் தவிர்ப்பது நல்லது. நீலப் பெட்டியா வேறொன்றா என்பது சாதனத்தைப் பொறுத்தது. நீங்கள் கொடுக்கும் எழுத்து நிறம் அதில் ஏறாது. அதன் யூனிகோட் பெயரே இடஞ்சுழி என்றுதான் சொல்கிறது; வலஞ்சுழி வேண்டுமென்றால் 🔃 (128259). மேலும் யூடிஎஃப்-8இல் 🔄 நான்கு பைட். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய மூன்று பைட் "யூடிஎஃப்8" அட்டவணையில் ↻ சேமிக்கப்படும், 🔄 சேமிக்கப்படாது.

பக்கம் ஏறிக்கொண்டிருப்பதை (லோடிங்) காட்ட ↻ குறியைச் சுழல விடுகிறவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, வரிக்குள் எழுத்தோடு எழுத்தாக ஓடும் வெறும் இன்லைன் உறுப்பு சுழலவே சுழலாது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் அதை இன்லைன்-பிளாக் ஆக்க வேண்டும். அடுத்தது, சுழன்றாலும் தள்ளாடும். சுழற்சியின் மையம் எழுத்துப் பெட்டியின் நடு. அம்பின் வட்டம் அந்தப் பெட்டிக்குள் மேலேயோ ஓரமாகவோ உட்கார்ந்திருக்கும், அதுவும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஒரு கணினியில் அளந்து சரிசெய்தாலும் அடுத்ததில் ஆடும். சுழல வேண்டிய இடத்தில் கோடுகளாக வரையப்படும் எஸ்விஜி படமே தகும்.

பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரை வாசிப்பான் இந்தக் குறியைத் தாண்டிப் போகலாம், அல்லது அதன் நீண்ட ஆங்கிலப் பெயரை வாசிக்கலாம். பக்கத்தில் சொல் இருந்தால் அம்பை மட்டும் வாசிப்பானிடமிருந்து மறைக்க, அதற்கு ஏரியா-ஹிடன் (aria-hidden) பண்பைக் கொடுங்கள். சொல் இல்லாவிட்டால் பொத்தானுக்கு, வாசிப்பான் படிக்கும் பெயரான ஏரியா-லேபிளில் (aria-label) "பக்கத்தைப் புதுப்பி" என்று கொடுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று: ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு ↻ நுழைந்தாலும் எல்லை 160இலிருந்து 70 எழுத்தாக இறங்கிவிடும், ஒரு செய்தி இரண்டாகவோ மூன்றாகவோ உடையும். தமிழ்ச் செய்திக்கு வழக்கமாகவே 70தான் எல்லை. அங்கே ↻ ஓர் இடத்தைப் பிடிக்கும், 🔄 இரண்டு இடத்தைப் பிடிக்கும்.