கட்டடத்துக்குள் இருக்கும் சித்திரத்துக்குச் சாட்சி தேடிய கதை

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் பேட்டையின் சமூக மன்றத்தில், இரண்டாம் மாடி மின்தூக்கிக்கு எதிரே ஒரு மொசைக் சித்திரம் இருக்கிறது. பழைய ஈரச்சந்தைக் காட்சி அது: மீன் கடை, டுரியான் குவியல், குடை பிடித்த ஒரு பாட்டி. வட்டாரவாசிகள் கூடி ஓடு ஓடாக ஒட்டிச் செய்ததாக அருகில் ஒரு பித்தளைப் பலகை சொல்கிறது. இதை இன்கிரஸ், போக்கிமான் கோ ஆகிய விளையாட்டுகளின் வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசை நிறைவேற இரண்டு முன்மொழிவுகளும் ஓர் இரவல் கேமராவும் தேவைப்பட்டன.

இந்த விளையாட்டுகளை ஆடாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். கைபேசியோடு ஊரில் நடந்து, உண்மையான இடங்களுக்குப் போய் ஆடுபவை இவை. 2012இல் வந்த இன்கிரஸில் ஊரிலுள்ள சிலைகள், கோயில்கள், சுவரோவியங்கள் போன்றவை ‘போர்ட்டல்’ எனப்பட்டன. 2016இல் வந்த போக்கிமான் கோ அதே இடங்களைப் பெரும்பாலும் ‘போக்கிஸ்டாப்’ ஆக எடுத்துக்கொண்டது. புதிய இடங்களை ஆட்டக்காரர்களே முன்மொழியலாம். 2019 முதல் வேஃபேரர் என்ற தளத்தில் அவற்றை மதிப்பிடுபவர்களும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே. தலைப்பு, விவரிப்பு, முதன்மைப் படம், சுற்றுப்புறத்தைக் காட்டும் துணைப் படம், மதிப்பீட்டாளர்களுக்கு மட்டும் தெரியும் விளக்கக் குறிப்பு, வரைபடத்தில் ஊன்றும் குறி ஆகியவைதான் ஒரு முன்மொழிவு. ஊர் சுற்றிப் பார்க்கவோ, உடற்பயிற்சி செய்யவோ, மனிதர்கள் கூடவோ ஏற்ற இடமாக அது இருக்க வேண்டும். தனியார் வீடு, பள்ளிக்கூட வளாகம், தீயணைப்பு நிலையம் போன்ற அவசர சேவைகளுக்கு இடையூறாகும் இடம், நாளை கழற்றப்படக்கூடிய தற்காலிகப் பொருள் ஆகியவை தள்ளப்படும்.

பொதுக் கலைப்படைப்பு என்றால் இந்த அளவுகோலில் எளிதாகத் தேறிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பூங்காவில் நிற்கும் சிலைக்கு அது சரி. செயற்கைக்கோள் படத்தில் அதன் நிழலாவது தெரியும். தெருக்காட்சிப் படத்தில் முகமே தெரியும். கூரைக்குக் கீழுள்ள சித்திரமோ, மதிப்பீட்டாளரின் திரையில் வெறும் கான்கிரீட் கூரையாகத்தான் தெரிகிறது. அவர் இந்தத் தீவின் மறுகோடியில் இருக்கலாம், வேறு நாட்டில்கூட இருக்கலாம். என் சொல்லையும் இரண்டு படங்களையும் நம்பித்தான் அவர் முடிவெடுக்க வேண்டும்.

முதல் முன்மொழிவை நான் ஒரு கலை ரசிகனாக எழுதினேன். வண்ணச் சேர்க்கையைப் புகழ்ந்தேன், பாட்டியின் குடையைப் பற்றி இரண்டு வரி எழுதினேன், துணைப் படமாக அதே சித்திரத்தைச் சற்று விலகி நின்று எடுத்து அனுப்பினேன். இடம் சரியில்லை, தற்காலிகக் காட்சிப்பொருள் ஆகிய இரண்டு காரணங்களுடன் அது திரும்பி வந்தது. கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தத் துணைப் படத்தை மறுபடி பார்த்தபோது, எந்த ஊரின் எந்தச் சுவரும் அதுவாக இருக்கலாம் என்பது எனக்கே விளங்கியது. மேல்முறையீட்டுக்கு வழி இருந்தும் நான் போகவில்லை. வலுவில்லாத வழக்கை மேலே கொண்டுபோய் என்ன பயன்?

இதற்கிடையில் எம்.ஆர்.டி. எனப்படும் நகர ரயிலின் நிலையங்களைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். 2003இல் திறந்த வடகிழக்குத் தடத்தில் கலைப்படைப்புகளை நிலையக் கட்டுமானத்தோடு சேர்த்தே திட்டமிட்டிருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் எஸ். சந்திரசேகரனின் படைப்பு, தோபி காட்டில் சுன் யூ-லி தரையில் பதித்த ஓடுகள், சைனாடவுனில் டான் சுவீ ஹியானின் படைப்பு என எல்லாமே நிலத்துக்கு அடியில் உள்ளவை. ஜி.பி.எஸ். சமிக்ஞை அங்கே தடுமாறும். நாம் நிற்கும் புள்ளி தெருவைத் தாண்டி எங்கோ அலையும். பயணச்சீட்டுக் கதவுக்கு உள்ளே இருப்பது தடையில்லை, ஏனெனில் கட்டணம் கட்டி நுழையும் இடம் என்பது மட்டுமே தள்ளுபடிக்குக் காரணம் ஆகாது. அவற்றைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது ஒன்று: தரையிலும் சுவரிலும் பதித்த ஒன்றைத் தற்காலிகம் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் பதித்திருப்பது படத்தில் தெரிய வேண்டும்.

இரண்டாம் முறை வேலையை வாசலிலிருந்து தொடங்கினேன். நண்பர் ஒருவரிடம் 360 பாகைக் கேமராவை இரவல் வாங்கி, ஆளில்லாத ஒரு காலை நேரத்தில் மின்தூக்கி முன்னால் நின்று முழுச்சுற்றுப் படம் எடுத்து, கூகுள் வரைபடத்தில் சரியான புள்ளியில் ஏற்றினேன். துணைப் படத்தில் சித்திரத்தின் ஓரமும், மன்றத்தின் பெயர் தாங்கிய அறிவிப்புப் பலகையும், சன்னல் வழியே தெரியும் எதிர் அடுக்குமாடியின் எண்ணும் ஒரே சட்டத்தில் விழுமாறு நின்றேன். இதற்கு முதுகைச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சிமெண்டில் பதித்த ஓடுகளையும் பித்தளைப் பலகையிலுள்ள ஆண்டையும் குறிப்பில் சொன்னேன். நடைபாதையிலிருந்து மாடிவரை படிகளும் மின்தூக்கியும் உண்டு, திறந்திருக்கும் நேரத்தில் யாரும் வரலாம் என்றும் எழுதினேன். பாட்டியின் குடை விவரிப்பில் ஒரே வரியாகச் சுருங்கியது.

ஒருவர் எனக்குச் சொன்ன யோசனை, குறியை வாசலுக்கு நகர்த்திவிடு, வெளியிலிருந்தே எல்லோருக்கும் எட்டும் என்பது. அதை நான் ஏற்கவில்லை. பொருள் இருக்குமிடத்தில்தான் குறி நிற்க வேண்டும். தவிர, போக்கிமான் கோ விளையாட்டில் எட்டும் தூரம், அதாவது எவ்வளவு தள்ளி நின்று ஓர் இடத்தைப் பயன்படுத்தலாம் என்ற வரம்பு, பெருந்தொற்றுக் காலத்தில் 40 மீட்டரிலிருந்து 80 மீட்டராக உயர்ந்து அப்படியே நிலைத்துவிட்டதால், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கும் அது எட்டும்.

சில வாரங்களில் ஏற்பு வந்தது. ஆனால் போக்கிமான் கோ விளையாட்டில் அது தோன்றவில்லை. பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கும் எஸ்2 முறையின் 17ஆம் நிலைக் கட்டம் ஒன்றுக்கு, அதாவது ஏறத்தாழ 70 மீட்டர் பக்கமுள்ள பரப்புக்கு, அந்த விளையாட்டு ஓர் இடத்தைத்தான் காட்டும். எங்கள் கட்டத்தில் கீழ்த்தளச் சிறுவர் விளையாட்டுத் திடல் ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. முன்மொழியும் முன்பே கட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்; பார்க்கவில்லை, அது என் தவறு. இன்கிரஸில் இரண்டு போர்ட்டல்களுக்கு இடையே 20 மீட்டர் இருந்தால் போதும் என்பதால் அங்கே மட்டும் சித்திரம் வந்துவிட்டது.

இன்கிரஸில் நீலம், பச்சை என்ற இரண்டு அணிகள் போர்ட்டல்களைக் கைப்பற்றப் போட்டியிடும். நான் நீல அணி. முதல் நாள் மாலை நானே போய் அதைக் கைப்பற்றினேன். மூன்றாம் நாள் பார்த்தபோது பச்சையாகியிருந்தது. இன்கிரஸில் எட்டும் தூரம் 40 மீட்டர்தான் என்பதால், யாரோ ஒருவர் மன்றத்துக்குப் பக்கத்திலாவது வந்து போயிருக்கிறார்.